முப்பதாயிரமும் கார்டுக்கேவா?

ஓசூரிலிருந்து ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வயது 26, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் இல்லாத வாரங்களில் பத்து மணிக்கு மேல் ஊர் நண்பர்கள் நாலு பேரோடு கம்ப்யூட்டரில் வேலரன்ட் என்ற ஆட்டம் ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை ஜிடிஏ 5. சைபர்பங்க் 2077 வாங்கி வைத்து ஒரு வருடமாகிறது. தொடங்கினாலே திணறுவதால் அப்படியே கிடக்கிறது.

சிஸ்டம் 2021-ல் அசெம்பிள் செய்தது. ஐ5-10400எஃப் பிராசஸர், ஹெச்410 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒன்று, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு (ஆட்டத்தின் படத்தைத் திரைக்கு வரைந்து தருவது), கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), நொடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். சீட்டு எடுத்ததில் 30,000 ரூபாயை இதற்கென்று தனியாக வைத்திருக்கிறார். பழைய 1650-ஐ உடனே கொடுத்தால் 5,000 தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அவர் முன்னால் நாலு வழி இருக்கிறது. கடையில் புது ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 29,500. பில் வேண்டாமென்றால் 27,000. தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவரிடம் பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 16,000. ஆன்லைனில் ‘புத்தம் புது’ ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, 8,500. கடைசியாக, இஎம்ஐ போட்டு 48,000-க்கு 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. “12 ஜிபி கார்டு 8 ஜிபியை விட வேகம்தானே? என் பிராசஸருக்கு 23 சதவீதம் பாட்டில்நெக் என்று ஒரு கால்குலேட்டர் காட்டுகிறது. ஜிடிஎக்ஸ் கார்டுக்கெல்லாம் டிரைவர் நிறுத்திவிட்டார்கள் என்று நண்பன் பயமுறுத்துகிறான். எதை வாங்கட்டும் அண்ணா?” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, முதலில் அந்த நண்பர் சொன்னதைத் தீர்த்துவிடுவோம். அவர் சொன்னதில் பாதிதான் சரி. இந்த ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் சிப்புகளைத் தயாரிக்கும் என்விடியா 2025 அக்டோபரோடு புது ஆட்டங்களுக்கான டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, நிறுத்தியது 900 வரிசைக்கும் 10 வரிசைக்கும்தான், அதாவது 970, 1050, 1060 போன்றவற்றுக்கு. உங்கள் 1650 பெயரில் ஜிடிஎக்ஸ் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை சிப். அந்தப் பட்டியலில் அது இல்லை. எனவே பதறிக்கொண்டு இந்த வாரமே வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. என் சர்வீஸ் மேஜைக்கு வரும் தப்பான கார்டுகளில் பாதிக்கு மேல் இப்படி அவசரத்தில் வாங்கியவைதான்.

அடுத்தது பாட்டில்நெக் கால்குலேட்டர், அதாவது எந்தப் பாகம் மற்றதைத் தடுக்கிறது என்று சொல்லும் கணக்கு. அதை மறந்துவிடுங்கள். பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் போட்டால் ஒரே ஒரு சதவீதம் காட்டுகிறதே, எந்த ஆட்டம் என்று அது கேட்டதா? ஒரே ஆட்டத்தில்கூட ஆளில்லாத காட்டு வழியில் போகும்போது கார்டு மூச்சு வாங்கும். அதே வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்தால் பிராசஸர் மூச்சு வாங்கும். உங்கள் 10400எஃப் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். நீங்கள் யோசிக்கும் விலையில் உள்ள கார்டுகளுக்கு அது போதும்.

உண்மையில் எது தடுக்கிறது என்பதை நீங்களே இன்று இரவு பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஆடும்போது திரையின் மூலையில் ஜிபியூ (கார்டின் சிப்) பயன்பாடு, ராம், ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்) மூன்றும் தெரியும்படி வையுங்கள். ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை அணைத்துவிடுங்கள், ஃபிரேம் வரம்பு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு தப்பாக வரும். ஜிபியூ 97, 99 என்று முட்டிக்கொண்டு நின்றால் கார்டுதான் தடை. 60, 65 என்று ஆடிக்கொண்டிருக்கும்போதே படம் திக்கினால், கார்டு சும்மா உட்கார்ந்து வேறு யாருக்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

சைபர்பங்க்கில் 99 காட்டும், எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே 1650 பாவம். வேலரன்ட்டில் அப்படிக் காட்டாது என்றுதான் நினைக்கிறேன். அது பிராசஸரையும் ராமையும் நம்பி ஓடும் ஆட்டம். ஜிடிஏ 5-ல் வேகமாக ஓட்டும்போது ஒரு நொடி உறைந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் எனக்கு ராம் வேலையாகத்தான் தெரிகிறது. 8 ஜிபியில் விண்டோஸும் பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசரும் போக மிச்சம் எவ்வளவு? போதாததற்கு நீங்கள் போட்டிருப்பது ஒற்றை ராம். அந்த போர்டில் இரண்டு ஸ்லாட் இருந்தும் ஒன்று காலி. இரட்டைத் தண்டவாளம் போட்ட பாதையில் ஒன்றில் மட்டும் வண்டி விடுகிறீர்கள். அதாவது, வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் ஆடும் ஆட்டத்துக்கு 29,500 ரூபாய் கார்டு ஏறக்குறைய எதையுமே மாற்றாமல் போகலாம்.

அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்

படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். கீழே சின்னக் கட்டத்தில் +12வி என்பதற்கு நேராக 16ஏ, அதாவது 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். கார்டும் பிராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட் லைனில் இருந்துதான். 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். மிச்சம் 258 வாட் எங்கே என்று கேட்டால், மற்ற சின்ன லைன்களின் கணக்கையெல்லாம் கூட்டி எழுதியிருப்பார்கள். சில பெட்டிகளில் அந்தக் கூட்டலும் சரியாக வராது.

ஆர்டிஎக்ஸ் 5060 முழு வேகத்தில் 145 வாட் இழுக்கும். பிராசஸருக்கு 65 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சில விநாடிகள் அதைவிட நிறையவே ஏறும். 145-ம் 65-ம் சேர்ந்தாலே 210. ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. 3060 என்றால் கார்டு மட்டும் 170. உங்கள் 1650 இத்தனை வருடம் ஓடியதற்குக் காரணம், அது 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் கார்டு. தனி கேபிள்கூடக் கேட்டதில்லை. நீங்கள் யோசிக்கும் எல்லாக் கார்டும் எட்டுப் பின் கேபிள் கேட்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. “கன்வர்ட்டர் போட்டுக்கலாம்” என்று கடையில் சொன்னார்களாம். வேண்டாம். கன்வர்ட்டர் கேபிளைத்தான் தரும், கரண்டைத் தராது. அப்படி ஓட்டிய ஒரு சிஸ்டம் போன வருடம் என்னிடம் வந்தது. கேபினெட்டைத் திறந்ததும் கருகிய வாடை. கன்வர்ட்டரின் மஞ்சள் ஒயர் நுனி உருகி, சாக்கெட்டோடு ஒட்டிப் போயிருந்தது. கார்டு பிழைத்தது, மதர்போர்டு போய்விட்டது.

80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கன முத்திரையுள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்குங்கள். 4,000 ரூபாயை ஒட்டி வரும். மேஜைக்கடியில் 600 விஏ யூபிஎஸ் இருக்கிறது என்கிறீர்கள். அந்த அளவு யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்க ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும். அதில் உட்கார்ந்து ரவுண்டை முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஜிபி கூடினால் வேகம் கூடுமா?

கூடாது. கார்டில் உள்ள மெமரியை அடுப்படி மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவரின் கைவேகம் வேறு, மேடையின் அகலம் வேறு. மேடை அகலமாக இருப்பதால் மட்டும் தோசை சீக்கிரம் வேகாது. ஆனால் மேடை போதாமல் போனால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கூடத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். அப்போது எவ்வளவு கைவேகம் இருந்தும் பயனில்லை.

8 ஜிபி 5060, 12 ஜிபி 3060-ஐ விட நன்றாகவே வேகம். அதில் சந்தேகம் வேண்டாம். உங்கள் வீட்டில்தான் அதற்கு ஒரு சிக்கல். 5060 எட்டு லேன் கார்டு, அதாவது மதர்போர்டோடு பேச அதற்கு எட்டுப் பாதைதான். உங்கள் ஹெச்410 போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்ற பழைய, வேகம் குறைந்த வகை. மேடை நிறையாத வரை இதனால் பெரிய நஷ்டமில்லை, சில சதவீதம்தான் குறையும். மெமரி நிரம்பி கார்டு மெயின் ராமை எட்டிப்பிடிக்கும் நேரத்தில், போகும் வழியே குறுகலாக இருக்கும். 3060-க்கு மேடையும் அகலம், பதினாறு லேனும் உண்டு. பழைய போர்டுக்கு அது தோதான கார்டு. அதோடு உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். கார்டு 110 ஃபிரேம் தள்ளினாலும் கண்ணுக்கு 60-தான் வரும். 1080பி-யில் ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிட்டு வரைவது) இல்லாமல் சைபர்பங்க்கை 60-ஐ ஒட்டி ஓட்ட 3060 போதும். அதற்கு மேல் கொடுக்கும் காசு அந்த மானிட்டருக்கு முன்னால் வீண்.

ஆர்எக்ஸ் 580 பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது 2017-ல் வந்த கார்டு. இன்று ‘புத்தம் புது’ என்று வருவதில் பெரும்பாலானவை பழைய கார்டிலிருந்து சிப்பைக் கழற்றிப் புது போர்டில் ஒட்டியவை. அதிலும் அசல் 580-ல் 2304 கோர் (கணக்குப் போடும் சிறு கூறு) இருக்கும். பலரிடம் வந்து சேர்வது 2048 கோர் உள்ளது, பெயர் மட்டும் அதே. 185 வாட் வேறு குடிக்கும். ரே டிரேசிங் ஹார்டுவேரும் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம், 2025 மே மாதம் வந்த டூம் ஆட்டம் இரண்டும் அந்த ஹார்டுவேர் இல்லாவிட்டால் தொடங்கவே மாட்டா. இனி வரும் பெரிய ஆட்டங்களில் இப்படி இன்னும் சில வரும். இன்றைக்குக் காசு கொடுத்து அந்தக் கதவை நாமே சாத்திக்கொள்ள வேண்டாம்.

இஎம்ஐ யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. வட்டியில்லா இஎம்ஐ என்பார்கள். பிராசஸிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் தனியாக வந்து சேரும். அது போகட்டும். 48,000 ரூபாய் கார்டை 60 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் ஒற்றை ராமிலும் மாட்டுவது, மாட்டு வண்டிக்கு கார் இன்ஜின் வைக்கிற வேலை.

பழைய கார்டும் அந்த மூன்று அண்ணன் தம்பிகளும்

16,000 ரூபாய் 3060 பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. “2021 ஆகஸ்டில் வாங்கியதாம், பில் தொலைந்துவிட்டதாம், கேம் மட்டும்தான் ஆடினாராம். நல்ல பார்ட்டி அண்ணா, இதே மாதிரி இன்னும் மூன்று கார்டு வைத்திருக்கிறார்.” தம்பி, கேம் ஆட ஒருவருக்கு எதற்கு நாலு 3060?

2021 கிரிப்டோ மைனிங், அதாவது கார்டுகளை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது, உச்சத்தில் இருந்த வருடம். எத்தேரியம் என்ற நாணயத்தை கார்டு வைத்து மைனிங் செய்வது 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்னால் வாங்கிய கார்டு என்றால் இரவு பகல் நிற்காமல் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. மைனிங்கில் ஓடியதாலேயே கார்டு கெட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றாக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தேய்வது பெரும்பாலும் ஃபேன். காய்ந்துபோவது சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட்டும் பேடும். ஆனால் பில் இல்லை, மூன்று வருட வாரண்டி என்று வைத்தாலும் 2024-லேயே முடிந்தது, சொல்லும் கதையும் பொருந்தவில்லை. மூன்றும் சேர்ந்த பிறகு 16,000 மலிவான விலை இல்லை.

அதே 3060-ஐ 2023-லோ அதற்குப் பிறகோ வாங்கிய பில்லோடு ஒருவர் விற்றால் கதையே வேறு. மைனிங் பயம் பெரும்பாலும் போய்விடும். வாரண்டியில் சில மாதங்கள் மிச்சம் இருந்தாலும் இருக்கும். வாரண்டி கார்டோடு அடுத்தவருக்கும் போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீரியல் நம்பரை வாங்கி அந்தக் கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். 17,000 வரை போகலாம்.

நேரில் போய், ஓடும் சிஸ்டத்தில் பாருங்கள். ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். 12 ஜிபிதானா, கோர் எண்ணிக்கை 3584 காட்டுகிறதா என்று பாருங்கள். கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி ஏமாற்றிய கார்டு என்றால் அதுவே பெரும்பாலும் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கனமான ஆட்டம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறதா என்று காது கொடுங்கள். கழற்றியதும் பின்பக்கம் எண்ணெய் கசிந்த மாதிரி கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மானிட்டர் கேபிள் செருகும் தகட்டில் துரு பிடித்திருந்தால் தொடவே வேண்டாம். கடலோர ஊர்களிலிருந்து வரும் கார்டுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். துருவைக் காரணம் காட்டி வாரண்டியையும் மறுத்துவிடுவார்கள்.

செகண்ட்ஹேண்ட் வேண்டாம், தலைவலி என்று தோன்றினால் புது ஆர்எக்ஸ் 6600 தேடுங்கள். 8 ஜிபி, 132 வாட், உங்கள் ஆட்டங்களுக்குத் தாராளம். அதுவும் எட்டு லேன்தான். ஆட்டத்தின் செட்டிங்கில் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படம்) மட்டும் ஒரு படி இறக்கி வைத்துக்கொண்டால் போதும். சின்னப் படமாக வரைந்து பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அதில் கிடையாது, அதே வேலை செய்யும் எஃப்எஸ்ஆர் உண்டு. படத்தின் தெளிவில் டிஎல்எஸ்எஸ் ஒரு கை மேல் என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்காக ஆர்எக்ஸை ஒதுக்க மாட்டேன்.

அந்த 2,500 ரூபாய்த் தள்ளுபடி

பில் இல்லாமல் 27,000 என்று கடையில் சொன்னது தள்ளுபடி இல்லை. கார்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வரி உட்பட 29,500 என்றால் அதில் 4,500 வரி. அதில் 2,500-ஐ உங்களுக்குக் கொடுத்துவிட்டு 2,000-ஐ அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள், கூடவே உங்கள் வாரண்டியையும். எட்டு மாதம் கழித்துத் திரையில் கோடு விழுந்தால், “எங்களிடம் வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று அதே கடையில் கேட்பார்கள்.

பில் கையில் இருந்தால் கதை வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல சமயம் அந்த ஒரு போனிலேயே கடைக்காரர் இறங்கி வருவார். தனி ஆளிடம் வாங்கும் பழைய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை. அதனால்தான் அங்கே அரை மணி நேரம் நின்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் டேப்பை வெட்டுவதிலிருந்து சீரியல் நம்பர் தெரியும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்து வையுங்கள்.

என் கணக்கு

கையில் 30,000. பழைய கார்டு விற்றால் 5,000. ஆக 35,000.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 4,000. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ராமுக்கு 3,000 ஒதுக்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிக் கிடப்பதால் இதைப் பழையதாகவே பாருங்கள். ராமில் சுழன்று தேய ஒன்றும் இல்லை, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு ஓட்டிப் பார்த்தால் போதும். பில்லோடு உள்ள 3060-க்கு 17,000. மொத்தம் 24,000 ஆயிற்று. மிச்சம் 11,000.

அந்த 11,000-க்கு 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்குங்கள். வேலரன்ட்டில் உங்கள் கைக்குத் தெரியப்போகும் வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. வாங்கியதும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 என்று மாற்றுங்கள். ஆறு மாதம் 60-லேயே ஆடிவிட்டு “ஒரு வித்தியாசமும் இல்லையே” என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. 6600 புதிதாக வாங்கினால் மானிட்டரை அடுத்த போனஸுக்குத் தள்ளிப் போடுங்கள்.

வரிசையும் முக்கியம். ராமை முதலில் போட்டு ஒரு வாரம் ஆடுங்கள். ஜிடிஏ திக்கல் அதிலேயே தீர்ந்தால், கார்டை நிதானமாகத் தேட நேரம் கிடைக்கும். கார்டு வாங்கப் போகும் முன்பு கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மூன்று ஃபேன் கார்டு சில 30 சென்டிமீட்டர் வரை வரும். உங்கள் கேபினெட் படத்தைப் பார்த்தால் இரண்டு ஃபேன் கார்டுதான் உட்காரும் போலிருக்கிறது.

இன்னொன்று, அந்த 5,000 ரூபாய்க்காரருக்கு 1650-ஐ இப்போதே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருக்கிறது. உள்ளே சொந்த கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவுமே வராது. புது கார்டு மாட்டி, டிரைவர் போட்டு, ஒரு வாரம் ஓடிய பிறகு கொடுங்கள். அதுவரை காத்திருக்க மாட்டேன் என்று அவர் சொன்னால், வேறு ஆள் கிடைப்பார்.